அணி யாருக்குச் சொந்தம்? அமெரிக்க ரசிகரும் பிரிட்டிஷ் ரசிகரும்

வணக்கம் நேயர்களே.

ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் எந்த ஊரானாலும் கத்துவார்கள், அழுவார்கள், நடுவரைத் திட்டுவார்கள். அமெரிக்கரும் செய்கிறார், பிரிட்டிஷ்காரரும் செய்கிறார். இருந்தாலும் இந்த இரண்டு நாட்டு ரசிகர்களும் ஒரே மாதிரி இல்லை. ஏன் என்ற கேள்வி பல வருடமாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஆட்ட நாள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் என்.எஃப்.எல். ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் இது, அங்கே இதைத்தான் ஃபுட்பால் என்பார்கள். ஒரு மணிக்கு ஆட்டம் என்றால் காலையிலேயே கார் பார்க்கிங் நிரம்பத் தொடங்கிவிடும். வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டி, மடக்கு நாற்காலி போட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். டெயில்கேட்டிங் என்று இதற்குப் பெயர். உள்ளே போனால் தேசிய கீதம், பேண்டு வாத்தியம், ராட்சதத் திரை. எப்போது சத்தம் போட வேண்டும் என்பதைக்கூட அந்தத் திரை சொல்லும். எதிரணி ரசிகர் உங்களுக்குப் பக்கத்து இருக்கையிலேயே இருப்பார். அதனால் சத்தம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். 2014-இல் கான்சஸ் சிட்டியின் ஏரோஹெட் மைதானத்தில் 142.2 டெசிபல் பதிவாகி, கின்னஸ் சாதனையாக ஏறியது.

இப்போது இங்கிலாந்துக்கு வாருங்கள். சனிக்கிழமை மூன்று மணி, கால்பந்து ஆட்டம். பல பழைய மைதானங்கள் வீடுகளுக்கு நடுவே இருப்பவை. பப்பில் கூடி, அங்கிருந்து தெருவோடு தெருவாக நடந்தே போவார்கள். வெளியூர் ரசிகர்களுக்குத் தனி வாசல், தனி கேலரி, நடுவில் காவலர் வரிசை. ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்து பீர் குடிக்க முடியாது. 1985-இலிருந்து அது சட்டம். திரை எதுவும் சொல்லாது, யாரும் கை காட்டித் தொடங்கி வைக்க மாட்டார்கள். எங்கோ ஒரு மூலையில் நாலு பேர் ஆரம்பிப்பார்கள், அரை நிமிடத்தில் கேலரி முழுக்கப் பாடும். லிவர்பூல் ரசிகர்கள் கழுத்துத் துண்டை உயர்த்திப் பிடித்துப் பாடுவார்களே, அந்தப் பாட்டு அமெரிக்காவில் 1945-இல் மேடையேறிய ஓர் இசை நாடகத்திலிருந்து வந்தது. 1963-இல் லிவர்பூல் இசைக்குழு ஒன்று அதைப் பாடியது. கேலரி அதை எடுத்துக்கொண்டது, இன்று வரை கீழே வைக்கவில்லை.

சரி, இந்த வித்தியாசமெல்லாம் எங்கிருந்து வந்தது? தூரம் ஒரு காரணம். நியூகாசிலில் இருந்து தென்கோடி போர்ன்மத்துக்கு ஏறக்குறைய 560 கிலோமீட்டர், சென்னை திருநெல்வேலி தூரம்கூட இல்லை. பேருந்து பிடித்துப் போய்விட்டு ராத்திரியே திரும்பிவிடலாம். அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெளியூர்க் கூட்டம் வருகிறது. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் நாலாயிரம் கிலோமீட்டர். யார் போவார்கள்?

ஆனால் தூரத்தை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். என் கணிப்பில் இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கேள்வி: அணி யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப இதற்கே வருவேன்.

அமெரிக்காவில் அணி என்பது லீக் கொடுக்கும் உரிமம். பெட்ரோல் பங்க் டீலர்ஷிப் எடுப்பது மாதிரி. லீக் சம்மதித்தால் உரிமையாளர் அணியை வேறு ஊருக்கு எடுத்துக்கொண்டு போகலாம். 1957 சீசன் முடிந்ததும் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. அவர்கள் ஆடிய எபெட்ஸ் ஃபீல்டு மைதானத்தை 1960-இல் இடித்துவிட்டார்கள்.

இதில் எனக்கு மறக்கவே முடியாத கதை பால்டிமோர் கோல்ட்ஸ். 1953-இலிருந்து அந்த ஊரில் ஆடிய என்.எஃப்.எல். அணி. ஜானி யுனைடஸ் போன்ற ஆட்டக்காரர் இருந்த அணி. உரிமையாளர் ராபர்ட் இர்சேவுக்குப் புது மைதானம் வேண்டும், ஊர் கட்டித் தரவில்லை. அணியைப் பால்டிமோர் நகரமே கையகப்படுத்தலாம் என்று மேரிலாந்து மாநிலச் சட்டசபை ஒரு மசோதா கொண்டுவந்தது. அது சட்டமாவதற்குள், 1984 மார்ச் 28-ஆம் தேதி ராத்திரி, பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, மேஃப்ளவர் நிறுவன லாரிகள் வந்து நின்றன. தலைக்கவசம், சட்டை, மேசை, நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இண்டியானாபோலிஸுக்குப் போய்விட்டன. விடிந்து பார்த்தால் ஊரில் அணி இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் போகவில்லை நேயர்களே. அணியின் பேண்டு வாத்தியக் குழு. அவர்களுடைய சீருடைகள் அன்றைக்குச் சலவைக்குப் போயிருந்தன, அதனால் லாரியில் ஏறவில்லை. அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டு அவர்கள் தொடர்ந்து வாசித்தார்கள். ஆடுவதற்கு அணியே இல்லாத ஊரின் பேண்டு! மற்ற ஊர் ஆட்டங்களில் இடைவேளையில் போய் வாசித்தார்கள். புது மைதானத்துக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி, சட்டசபைக் கட்டடத்தின் படிக்கட்டில் நின்று வாசித்தார்கள். ஒரு சீசன், இரண்டு சீசன் இல்லை, பன்னிரண்டு வருடம். அமெரிக்க ரசிகர் வெறும் வாடிக்கையாளர், பொழுதுபோக்குக்கு வருகிறவர் என்று யாராவது சொன்னால், நான் இந்தப் பேண்டைத்தான் சொல்வேன்.

1996-இல் பால்டிமோருக்கு மறுபடி அணி கிடைத்தது. எப்படிக் கிடைத்தது தெரியுமா? கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியை அதன் உரிமையாளர் இங்கே கொண்டுவந்தார். பால்டிமோருக்கு நடந்தது அப்படியே கிளீவ்லாண்டுக்கு நடந்தது. அறிவிப்பு வந்தது 1995 நவம்பர் 6. அதற்கு மறுநாள் கிளீவ்லாண்டில் மைதானத்தைச் சீரமைக்கும் வரிக்கு வாக்கெடுப்பு. அணி போகப் போகிறது என்று தெரிந்த பிறகும் மக்கள் பெருவாரியாக ஆதரித்து வாக்களித்தார்கள். பிறகு போராடி, அணியின் பெயரும் நிறமும் சாதனைப் பதிவுகளும் எங்கள் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று வாங்கிவிட்டார்கள். 1999-இல் அதே பெயரில் புது அணி வந்தது.

இங்கிலாந்தில் இப்படி நடக்காதா என்று கேட்பீர்கள். ஒரு முறை நடந்தது. ஒரே ஒரு முறை நடந்ததற்கே என்ன ஆனது என்று பாருங்கள்.

விம்பிள்டன் என்றால் நமக்கு டென்னிஸ்தான் ஞாபகம் வரும். அங்கே ஒரு கால்பந்துக் கிளப்பும் உண்டு. சின்னக் கிளப். 1977-இல்தான் நாட்டின் மேல் நான்கு டிவிஷன்கள் அடங்கிய லீகிலேயே சேர்த்துக்கொண்டார்கள். 1986-இல் முதல் டிவிஷன். 1988-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் லிவர்பூலை 1-0 என்று வென்றார்கள். அன்று அவர்களுடைய கோல்கீப்பர் டேவ் பீசன்ட் ஒரு பெனால்டியைத் தடுத்தார். அதற்குப் பிறகு கஷ்ட காலம். 1991-இல் சொந்த மைதானமான பிளவ் லேனை விட்டு, இன்னொரு கிளப்பின் மைதானத்தில் ஆடினார்கள். 2002 மே மாதம், கால்பந்துச் சங்கம் அமைத்த மூன்று பேர் கொண்ட குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அணி சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸ் நகருக்குப் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் எழுதியது.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? தொடங்கினார்கள்! ஜூன் மாதமே விம்பிள்டன் பொது மைதானத்தில், ஆட விரும்புகிறவர் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தேர்வு வைத்தார்கள், 230 பேர் வந்தார்கள். ஜூலை 10-ஆம் தேதி சட்டன் யுனைடெட் அணியோடு முதல் ஆட்டம். 4-0 என்று தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். அன்றைக்குப் பிறந்த அணி, தோற்கும் அணி, அதைப் பார்க்க அவ்வளவு கூட்டம்.

அங்கிருந்து ஏறத் தொடங்கினார்கள். ஏறுவது என்றால், அங்கே டிவிஷன் டிவிஷனாக லீக் இருக்கிறது. மேலே முடித்தவர்கள் ஒரு படி ஏறலாம், கடைசியில் முடித்தவர்கள் இறங்கியாக வேண்டும். ஒன்பது வருடத்தில் ஐந்து முறை ஏறி, 2011-இல் அந்த நான்கு டிவிஷன் லீகுக்கே வந்துவிட்டார்கள். இடையில் 78 லீக் ஆட்டங்கள் தொடர்ந்து தோற்கவில்லை, அது இங்கிலாந்து சாதனை. 2020 நவம்பரில் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே, அதே பிளவ் லேனில் சொந்த மைதானம். அதற்குக் கடன் பத்திரம் வாங்கிப் பணம் கொடுத்தவர்களில் ரசிகர்கள் ஏராளம். கொரோனா காலம் என்பதால் முதல் ஆட்டத்தன்று அவர்களே உள்ளே போக முடியவில்லை. அணி யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், அங்கே பதில் காகிதத்திலேயே இருக்கிறது. பெரும்பங்கு ரசிகர்களுடைய அமைப்பின் கையில்.

இந்தக் கதையில் நான் கொஞ்சம் அதிகமாக ஊறிவிடுவேன், நேரத்தைப் பார்க்க வேண்டும்.

ஏறுவது, இறங்குவது என்று சொன்னேன் இல்லையா, அது ரசிகரின் மனத்தையே மாற்றுகிறது. அமெரிக்காவில் இறக்கம் கிடையாது. மோசமாக ஆடிய அணிக்கு, கல்லூரியிலிருந்து வரும் புதிய ஆட்டக்காரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. அதனால் தோற்கும் வருடத்திலும் ரசிகர் அடுத்த வருடத்தைப் பார்க்கிறார். இங்கிலாந்தில் தோற்கும் வருடம் பயங்கரமானது. சீசனின் கடைசி நாளில் கோப்பைக்கு ஆடும் அணியைவிட, இறங்காமல் தப்பிக்க ஆடும் அணியின் கேலரியைப் பாருங்கள். முகங்களைப் பார்க்கவே முடியாது. ஆனால் அதே ஏணிதான் 2009-இல் மூன்றாம் டிவிஷனில் இருந்த லெஸ்டர் சிட்டியை 2016-இல் நாட்டின் சாம்பியனாக்கியது.

அமெரிக்காவிலும் நகர முடியாத அணிகள் உண்டு. பல்கலைக்கழக அணிகள். பல்கலைக்கழகத்தை யாரும் லாரியில் ஏற்ற முடியாதே. மிச்சிகன் மைதானத்தில் மட்டும் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். அந்த நாட்டில் லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் ஃபுட்பால் மைதானங்கள் எல்லாமே பல்கலைக்கழகங்களுடையவை. அங்கே போய்ப் பாருங்கள், பாட்டும் பகையும் பரம்பரையும் பிரிட்டன் மாதிரியே இருக்கும். இன்னொன்று, விஸ்கான்சினில் கிரீன் பே. ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். 1919-இல் தொடங்கிய அந்த ஊர் பேக்கர்ஸ் அணிக்கு முதலாளியே கிடையாது. பங்குகள் பொதுமக்களிடம், அதில் லாபப் பணம் ஒரு சென்ட்கூட வராது. சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் ஊர் ஜனத்தொகையைவிடப் பெரியது. அணி ஊரோடு கட்டிப்போடப்பட்டிருந்தால் அமெரிக்க ரசிகரும் இப்படித்தான் இருக்கிறார். நான் சொல்ல வருவது அதுதான்.

அப்புறம், பிரிட்டனில் ரசிகர்கள் ஏன் இவ்வளவு கட்டுக்கோப்பாகப் போராடுகிறார்கள் என்பதற்கு ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 1989 ஏப்ரல் 15. கேலரியில் நெரிசல், மொத்தம் 97 உயிர்கள். பழியை ரசிகர்கள் மேல் போட்டார்கள். 2016-இல்தான் மரண விசாரணை நீதிமன்றத்தின் ஜூரி, ரசிகர்கள் மேல் தவறில்லை, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று சொன்னது. 27 வருடம் அந்தக் குடும்பங்கள் விடவில்லை.

அந்தப் பழக்கம் 2021 ஏப்ரலில் கைகொடுத்தது. ஐரோப்பாவின் பன்னிரண்டு பெரிய கிளப்புகள் சேர்ந்து சூப்பர் லீக் தொடங்குகிறோம் என்றன. தொடக்க உறுப்பினர்களுக்கு இறக்கம் கிடையாது. அப்படியே அமெரிக்க முறை. ஆறு கிளப் இங்கிலாந்தைச் சேர்ந்தவை, அதில் மூன்றுக்கு முதலாளிகள் அமெரிக்கர்கள். ஆர்சனல் முதலாளி கிரோங்கி, தன்னுடைய ராம்ஸ் அணியை 2016-இல் செயின்ட் லூயிஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோனவர். அறிவிப்பு ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை செல்சி ரசிகர்கள் தெருவில் உட்கார்ந்து சொந்த அணியின் பேருந்தையே மறித்தார்கள். அன்று ராத்திரிக்குள் ஆறு கிளப்பும் விலகிவிட்டன. மறுநாள் லிவர்பூல் முதலாளி ஜான் ஹென்றி காணொளியில் வந்து மன்னிப்புக் கேட்டார். ரசிகர்களுடைய அந்தக் கோபத்தின் தொடர்ச்சியாகத்தான் 2025-இல் கால்பந்துக்கென்று தனி ஒழுங்காற்று அமைப்பைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். நம்முடைய ஐ.பி.எல். பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். ஐ.பி.எல். அமெரிக்க லீகுகளைப் பார்த்து அமைத்தது. உரிமம், ஏலம், இறக்கம் கிடையாது. கொச்சி அணி 2011-இல் ஒரே சீசன் ஆடிக் காணாமல் போனது. ஆனால் 2018-இல் சென்னை அணியின் ஆட்டங்கள் காவிரிப் போராட்டத்தால் புனேக்கு மாறியபோது, ஆயிரம் பேர் அளவில் சென்னையிலிருந்து தனி ரயில் ஏறி அங்கே போனார்கள். அமெரிக்க முறையில் அமைத்த அணிக்கு, இங்கிலாந்து வெளியூர் ரசிகரைப் போல மஞ்சள் சட்டையோடு ரயில் பயணம். இதை விரித்துப் பேச இன்னொரு உரைதான் வேண்டும். வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.