மத்தியானத்தில் மோட்டரைப் போடாதீர்கள் | திலாப்பியாத் தொட்டி

வணக்கம் உறவுகளே. இப்ப நேரம் ஒன்றரை, யாழ்ப்பாணத்து வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தெர்மாமீட்டரைப் பாருங்கள், சீமெந்துத் தொட்டியில் 34 பாகை, கிணற்றுத் தண்ணீர் 28. ஆறு பாகைதானே என்று நிறையப் பேர் இந்த நேரத்தில்தான் மோட்டரைப் போட்டு நிரப்புகிறார்கள், பிறகு கொமெண்டில் வந்து "அண்ணா, மீன் தீன் எடுக்குதில்லை" என்கிறார்கள்.

திலாப்பியாவுக்கு 28 நல்ல சூடுதான், 34 கொஞ்சம் அதிகம் என்றாலும் தாங்கும். சில நிமிடத்துக்குள் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தள்ளுவதுதான் பிரச்சினை. தண்ணீரின் சூடுதான் மீனின் உடம்புச் சூடு, அது சடாரென்று மாறினால் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் கூடும், இரத்தத்தில் சீனி ஏறும், வளர்ச்சிக்குப் போக வேண்டிய சக்தி எல்லாம் சமாளிக்கிறதுக்கே செலவாகும். இது திரும்பத் திரும்ப நடந்தால் நோய் எதிர்ப்பும் இறங்கும். மீன் செத்து மிதந்தால் உடனே தெரியும், நிறை கூடாமல் நின்றது பிடிக்கிற அன்று தராசில்தான் தெரியும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய நட்டம்.

இந்தக் கறுப்பு ஹோஸைப் பாருங்கள், காலையிலிருந்து வெயிலில் கிடக்கிறது. முதல் வருகிற தண்ணீர், ஆ, கை சுடுகிறது! இதை வாழைக்கு விடுங்கள். விடியப்புறம் தொட்டியும் கிணறும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும், அப்போது மெல்லமாக விட்டால் போதும்.

சூட்டில் இன்னொரு சிக்கல், 20 பாகையில் லீட்டருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும், 30இல் ஏழரைதான், ஆனால் மீனுக்கோ அப்போதுதான் கூட வேண்டும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே காற்று மோட்டரைப் போடுங்கள், தீன் வேண்டாம்.

மாரியில் இது அப்படியே தலைகீழ். 2022 மார்கழியில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளே செத்தன, ஞாபகம் இருக்குமே. ஆழமில்லாத தொட்டி ஒரே இரவில் குளிர்ந்துவிடும். 20 பாகைக்குக் கீழே போனால் திலாப்பியா சரியாகச் சாப்பிடாது, போட்ட தீன் அடியில் அழுகி அமோனியா என்ற நஞ்சுதான் தண்ணீரில் கூடும். குளிர் விட்டபிறகும் சில நாளைக்குச் செட்டையையும் வாலையும் பாருங்கள், வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பிடித்திருந்தால் அது பங்கசு, அந்த மீனை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், மாற்றுவதற்கு முன் அங்கேயும் சூட்டை அளந்துவிட்டுத்தான்.