மருந்தை மாற்றினால் போதுமா?

(கொங்குப் பகுதித் தோட்ட விவசாயிகள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, அம்மணிகளே, தம்பிகளே, வணக்கம்.

இயற்கைத் தோட்டக்கலை பற்றிப் பேச எந்த ஊருக்குப் போனாலும் முதலில் வரும் கேள்வி, "இந்தப் பூச்சிக்கு இயற்கையில் என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியையே மாற்ற வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். கடைப் புட்டியை இறக்கி வைத்துவிட்டு அதே இடத்தில் வேப்பெண்ணெய்ப் புட்டியை ஏற்றுவது இயற்கை விவசாயம் ஆகாது.

2008ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் கோயம்புத்தூரில்தான். பப்பாளியோடு நின்றதா? மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, வேலியோரப் பார்த்தீனியம் என்று பரவியது. திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் பட்டுப்புழு வளர்த்தவர்கள் பட்ட பாடு இங்கே பலருக்கும் தெரியும். உடம்பெல்லாம் மெழுகு மூடிய பூச்சி. தெளித்த மருந்து உள்ளே இறங்கவில்லை. அந்தப் பூச்சியைத் தின்ன வந்த உயிர்கள்தான் செத்தன. அது மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி. அங்கே அதற்குப் பிறவி எதிரிகள் உண்டு. இங்கே அவை இல்லை. அதனால் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். அவற்றுள் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி கூர்ந்து பார்த்தால்தான் கண்ணில் படும். மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அதன் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று தீர்க்கும். இவ்வளவு பெரிய வெறியாட்டம் அந்தக் குளவியால் அடங்கியது. மருந்துக் கடையில் யாரும் இதை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

அதே பாடத்தை 2016இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகள் மறுபடியும் நடத்தின. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ வந்தது. ஓலையின் அடியில் சாறு உறிஞ்சுகிறது. அது விடும் தேன் போன்ற கழிவு கீழ் ஓலைகளில் படிந்து கரும்பூசணம் பிடிக்கிறது. தோப்பே கறுத்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் மருந்து அடிக்கத்தான் கை போகும். ஆனால் வெள்ளை ஈயை அடக்கும் என்கார்சியா என்ற குளவியும் அதே ஓலையில்தான் இருக்கிறது. விஷம் தெளித்தால் முதலில் போவது அதுதான். ஆகவே மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். தென்னைக்கு இடையே வாழையும் கல்வாழையும் வையுங்கள். அந்தக் குளவி அவற்றில் தங்கிப் பெருகும். வேப்பெண்ணெய்க் கரைசலையும் பூச்சியின் அளவைப் பார்த்துத்தான் கையில் எடுக்க வேண்டும், கிழமை பார்த்து அல்ல.

இனி மண். நாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறோம். செம்மண்ணும் சுக்காங்கல்லும் கலந்த பூமி, வெயிலோ கடுமை. இந்தச் சூட்டில் மட்கு வெகு சீக்கிரம் கரைந்துபோகும். வருடத்துக்கு ஒருமுறை நாலு வண்டி எரு கொட்டிவிட்டுச் சும்மா இருந்தால் மண் ஏழையாகவே இருக்கும். மண்ணை வெறுமையாக வெயிலில் கிடத்தாதீர்கள் என்பதைத்தான் நான் முதல் விதியாகச் சொல்வேன். சணப்பு, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி போன்ற பசுந்தாள் உரச் செடிகளில் எது கிடைத்தாலும் விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். தென்னை மட்டை, வாழைச் சருகு, கரும்புச் சோகை எதையும் கொளுத்தாமல் மூடாக்காகப் பரப்புங்கள். சொட்டுநீர்க் குழாய்க்கு மேல் மூடாக்கு இருந்தால் ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீரும் மிஞ்சும். ஆயிரம் அடிக்குக் கீழே போய்த் தேடும் நமக்கு அது சின்ன லாபமல்ல. அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுப்பட்டி அடைக்கும் வழக்கம் குறைந்துவருவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடத்திலேயே மண்ணில் சேரும் அந்த முறையை நம் பெரியவர்கள் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

கட்டுத்தரை எருவைப் பற்றி ஒன்று. மட்காத சாணம் உரமல்ல. தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழு வளர்வதே அந்த எருக்குழியில்தான். குழியில் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையைக் கலந்துவிட்டால் புழு அங்கேயே நோய் கண்டு சாகும். கொடுமுடி மருத்துவர் நடராஜன் ஊரெங்கும் பரப்பிய பஞ்சகவ்யத்தையும் மூன்று சதவீதக் கரைசலாக, அதாவது நூறு லிட்டர் தண்ணீருக்கு மூன்று லிட்டர் என்றே தெளியுங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாக விளையும் என்பது ரசாயனம் கற்றுக்கொடுத்த புத்தி.

மஞ்சள் போடுகிறவர்களுக்கு: கிழங்கு அழுகலுக்கு மருந்து தேடும் முன் வடிகாலைப் பாருங்கள். ஈரோட்டுக் காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்திலும் தண்ணீர் தேங்கும் வயலில்தான் அழுகல் முதலில் காண்கிறது. நல்ல விதைக்கிழங்கு, மேட்டுப்பாத்தி, எருவோடு அழுகல் பூஞ்சையை அடக்கும் டிரைகோடெர்மா என்ற நல்ல பூஞ்சை, அதே நிலத்தில் மறு வருடமும் மஞ்சளே போடாத பயிர்ச் சுழற்சி; இவ்வளவும் செய்த பிறகு பேசுவோம். தக்காளி, கத்தரிக்கு வேரைத் தாக்கும் நூற்புழு இருந்தால் துலுக்கச் சாமந்தியை ஊடே வையுங்கள். வரப்பில் ஆமணக்கு நின்றால், இலை தின்னும் புழுவாக வளரும் புரோடினியா என்ற அந்துப்பூச்சி அதில் முட்டையிடும். அந்த இலையைக் கிள்ளி அழிப்பது எளிது.

முதல் சில வருடங்களில் மகசூல் குறையலாம். இதை மறைத்து யாரையும் இந்த வழிக்கு இழுக்க எனக்கு மனம் வராது. தோட்டம் முழுவதையும் ஒரே வருடத்தில் மாற்றாமல், கிணற்றோரம் ஒரு பகுதியில் தொடங்குங்கள். தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி, 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர், நூறு வயதைக் கடந்தும் இரண்டரை ஏக்கரில் இறங்கி நின்று இயற்கை விவசாயம் செய்தார்; நிலத்தின் அளவு ஒரு தடையே அல்ல.

இயற்கை விளைபொருள் என்ற சான்றிதழ் வேண்டுமென்றால், ரசாயனத்தை விட்டு மாறும் மாறுதல் காலம் ஒரு பருவப் பயிருக்கு இரண்டு வருடம், தென்னை போன்ற நீண்ட காலப் பயிருக்கு மூன்று வருடம். பக்கத்துத் தோட்டத்து மருந்து காற்றில் வராமல் வேலி வரிசை விட வேண்டும். இட்டது, தெளித்தது, விற்றது எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். தனியாக இந்தச் செலவைத் தாங்க முடியாதவர்களுக்குப் பங்கேற்பு உத்தரவாத முறை இருக்கிறது. அக்கம்பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகி, ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்துச் சான்று தருவது அது. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்த மேசைக்கு வந்து பெயரையும், என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.