வியாழக்கிழமை இரவு டிஸ்கோ

நேயர்களுக்கு வணக்கம்.

டிஸ்கோ நள்ளிரவுக்கென்று பிறந்த இசை. இருட்டான கிளப், கூரையில் கண்ணாடிச் சில்லு பதித்த உருண்டை, நெஞ்சுக்குள் வந்து முட்டும் பேஸ் ஒலி, ஒரு பாட்டு எங்கே முடிந்தது அடுத்தது எங்கே தொடங்கியது என்று தெரியாத நீளம். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது இதே இசை வேறோர் இடத்தில் ஒலித்த கதையை. 1970களின் பிரிட்டன். வியாழக்கிழமை இரவு ஏழு மணிக்கு மேல். விளக்கெல்லாம் எரிகிற கூடத்தில் பாட்டி, அப்பா, அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓடுவது பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' என்ற பாட்டு நிகழ்ச்சி. அந்தக் கூடத்துக்குள் டிஸ்கோ எப்படி நுழைந்தது?

அந்தப் பழைய ஒளிப்பதிவுகளைப் பல வருடங்களாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுதியாகிக்கொண்டே வந்தது. அந்த இசைக்குக் கதவைத் திறந்தது எந்த அதிகாரியுமல்ல, எந்த விமர்சகருமல்ல. இசைத்தட்டுக் கடைக் கல்லாவில் விழுந்த காசுதான் திறந்தது.

நிகழ்ச்சி தொடங்கியது 1964 ஜனவரி 1. மான்செஸ்டரில் டிக்கின்சன் சாலையில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தை ஸ்டுடியோவாக மாற்றி அங்கிருந்து ஒளிபரப்பினார்கள். சில வருடங்களில் லண்டனுக்கு மாறியது. விதி ரொம்ப எளிது. விற்பனைப் பட்டியலில் அந்த வாரம் மேலே ஏறுகிற பாட்டுக்கு இடம் உண்டு. இறங்குகிற பாட்டுக்குப் பொதுவாகக் கிடையாது. கடைசியில் முதலிடப் பாட்டு. நாடெங்கும் சில நூறு கடைகளில், விற்ற ஒவ்வொரு தட்டையும் கடைக்காரர் ஒரு நோட்டில் கையால் குறித்துத் தபாலில் அனுப்புவார். அதைக் கூட்டிக் கழித்து, செவ்வாய் மதியம் பிபிசியின் ரேடியோ ஒன் வானொலியில் பட்டியலை வாசிப்பார்கள். புதன்கிழமை ஸ்டுடியோவில் பதிவு. வியாழன் இரவு ஒளிபரப்பு. பிரிட்டனில் அப்போது இருந்தது மூன்றே மூன்று சேனல். அதனால் ஒரு கோடிப் பேருக்கு மேல் இதைப் பார்ப்பது சாதாரணம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. தயாரிப்பாளருக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, விற்றால் காட்டியாக வேண்டும். டிஸ்கோ பாட்டுகள் வானொலியின் தயவில்லாமல் விற்றன. சனிக்கிழமை இரவு கிளப்பில் ஒரு பாட்டுக்கு ஆடிய பையன் திங்கட்கிழமை கடைக்குப் போய் அந்தத் தட்டைக் கேட்பான். 1974 ஜூலையில் ஜார்ஜ் மெக்ரேயின் 'ராக் யுவர் பேபி' முதலிடத்துக்கு வந்து மூன்று வாரம் அங்கேயே இருந்தது. மயாமியில், ஒரு சின்னத் தாளப் பெட்டியைத் தட்டவிட்டு அதன் மேல் பதிவுசெய்த பாட்டு அது. அடுத்த மாதமே ஃபிலடெல்ஃபியாவின் த்ரீ டிகிரீஸ் என்ற பெண்கள் குழு முதலிடம். 1976இல் டானா சம்மர் என்ற அமெரிக்கப் பாடகியின் 'லவ் டு லவ் யூ பேபி' பாட்டை, அதிலுள்ள முனகல்களைக் காரணம் காட்டி, பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. அப்படியும் அது நான்காம் இடம் வரை ஏறியது.

இந்த வரிசையில் நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்பும் கதை ஒன்று உண்டு. அது பெங்களூரில் தொடங்குகிறது. பித்து அப்பையா என்ற குடகு வீட்டுப் பையன். சிறுவயதில் ரேடியோ சிலோனில் வந்த ஆங்கிலப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன். ட்ரோஜன்ஸ் என்று நண்பர்களோடு ஒரு குழு வைத்து கிட்டார் வாசித்தான். 1960களின் பிற்பகுதியில் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது கையில் ஒன்றுமில்லை. அமெரிக்கத் தூதரகச் சமையலறையில்கூட வேலை பார்த்தான். சேர்த்த காசில் ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்துப் பாட்டுகளைப் பதிவுசெய்து பார்த்தான்.

ஜமைக்காவில் பிறந்த கார்ல் டக்ளஸ் என்ற பாடகரை வைத்து 1974இல் ஒரு பாட்டைப் பதிவுசெய்கிறார் பித்து. மூன்று மணி நேர வாடகையில் பெரும்பகுதி அந்த முதல் பாட்டுக்கே போய்விடுகிறது. தட்டின் மறுபக்கத்துக்கு ஏதாவது வேண்டுமே! டக்ளஸிடம் நீ ஏதாவது எழுதி வைத்திருக்கிறாயா என்று கேட்கிறார். குங் ஃபூ சண்டை பற்றி அவர் எழுதிய வரிகளை எடுத்து, மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். மறுபக்கத்துக்குத்தானே என்று கவலையில்லாமல், 'ஹூ', 'ஹா' என்ற கூச்சல்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு, மறுபக்கம் வேண்டாம், இதுவே முன்பக்கம் என்றார். முதலில் சில வாரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் கிளப்புகளில் பிடித்துக்கொண்டது. செப்டம்பரில் 'குங் ஃபூ ஃபைட்டிங்' பிரிட்டனில் முதலிடம், ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவிலும் முதலிடம். தலையில் பட்டையைக் கட்டிக்கொண்டு, குங் ஃபூ உடையில் டக்ளஸ் காற்றை உதைத்துப் பாடியது அந்தக் கூடங்களில் இருந்த பிள்ளைகளுக்கு மறக்காமல் நின்றுவிட்டது.

பித்து அதோடு நிற்கவில்லை. 1976 மார்ச்சில் டினா சார்ல்ஸ் என்ற லண்டன் பெண் பாடிய 'ஐ லவ் டு லவ்' மூன்று வாரம் முதலிடம். தயாரிப்பு பித்து. சில வருடம் கழித்து 'குர்பானி' இந்திப் படத்துக்காக, லண்டனில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாசியா ஹசனைப் பாடவைத்து 'ஆப் ஜைசா கோயி' செய்தவரும் இவரே. நம் ஊர்த் திருவிழா மைக் செட்டில் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் இப்போது இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதன் வேர் எந்த ஸ்டுடியோவில் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

சரி, அந்த வீட்டுக் கூடத்தில் டிஸ்கோ எப்படிக் கேட்டிருக்கும்? அந்தக் காலத்து டிவியில் இருந்தது உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று. பேஸ் கிட்டாரும், கால் மிதியால் அடிக்கும் பெரிய டிரம்மும்தான் டிஸ்கோவின் உயிர். இரண்டும் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். மிஞ்சுவது என்ன? பாடகரின் குரல், வயலின் கூட்டம், 'ட்சி ட்சி' என்று திறந்து மூடும் ஹை-ஹாட் தாளம். கிளப்பில் உடம்பால் கேட்ட பாட்டை வீட்டில் காதால் மட்டும் கேட்டார்கள். மெட்டும் குரலும் வலுவாக இருந்த பாட்டுகள் வீட்டுக் கூடத்தில் எடுபட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இசைக் கலைஞர் சங்கத்தின் விதி ஒன்றும் குறுக்கே வந்தது. கடையில் விற்கிற தட்டை அப்படியே ஓடவிட்டு வாயசைக்கக் கூடாது. குழுவாக இருந்தால், நிகழ்ச்சிக்கென்று மூன்று மணி நேரத்துக்குள் பாட்டைப் புதிதாகப் பதிவுசெய்து அந்த டேப்பைக் கொண்டுவர வேண்டும். சங்கத்து ஆள் கூடவே இருப்பார். அவரை நல்ல சாப்பாட்டுக்கு அழைத்துப் போய்விட்டு, பழைய டேப்பையே புது டப்பாவில் போட்டுக் கொடுத்த கதைகளைப் பலரும் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். தனிப் பாடகர் என்றால் ஜானி பியர்சன் நடத்திய ஸ்டுடியோ வாத்தியக் குழு வாசிக்கும், லேடிபேர்ட்ஸ் என்ற பெண்கள் பின்குரல் கொடுப்பார்கள். தேர்ந்த வாத்தியக்காரர்கள், எதை வைத்தாலும் நோட்டைப் பார்த்து வாசித்துவிடுவார்கள். ஆனால் மயாமியிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே கூட்டம் வருடக்கணக்காகச் சேர்ந்து வாசித்துப் பழகிய அந்த இழுப்பு ஒரு மதிய ஒத்திகையில் வந்துவிடுமா? பழைய பதிவுகளில் டிரம்ஸ் அரை மயிரிழை முந்துவதை நீங்களே கேட்கலாம். 1977 ஜூலையில் முதலிடம் வந்த 'ஐ ஃபீல் லவ்' பாட்டை எந்த வாத்தியக் குழுவாலும் வாசித்திருக்க முடியாது. ம்யூனிக்கில் ஜியார்ஜியோ மொரோடர் என்ற தயாரிப்பாளர் செய்த அந்தப் பாட்டில் டானா சம்மரின் குரலையும் கால் டிரம்மையும் தவிர மற்றதெல்லாம் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி. இயந்திரம் தட்டிக்கொண்டே போகிறது. நான்கு வாரம் அந்த ஒலி நாட்டின் உச்சியில் இருந்தது.

அமெரிக்கப் பாடகர்கள் எல்லா வாரமும் லண்டனுக்கு வர முடியாது. வீடியோப் படங்களும் அப்போது அதிகமில்லை. அந்த இடத்தை நிரப்பியது நடனக் குழு. முதலில் பேன்ஸ் பீப்பிள், பின்னால் லெக்ஸ் அண்ட் கோ. இரண்டுக்கும் ஆட்டம் அமைத்தவர் ஃபிளிக் கோல்பி என்ற அமெரிக்கப் பெண். செவ்வாய் மதியம் பட்டியல் வந்தால் புதன் பதிவுக்கு ஆட்டம் தயாராக வேண்டும். வரியில் என்ன சொல்கிறதோ அதையே கையால் காட்டுகிற அவருடைய பாணியைப் பலர் குறை சொன்னார்கள். ஒரு நாள் அவகாசத்தில் வேறு யார் என்ன செய்திருப்பார்கள்? எனக்கு வருத்தம் வேறொன்றில். இரண்டு குழுக்களுக்கும் நடுவே, 1976 மே மாதம் ரூபி ஃபிளிப்பர் என்று ஒரு குழு வந்தது. மூன்று ஆண்கள், நான்கு பெண்கள், கறுப்பரும் வெள்ளையரும் கலந்து ஆடினார்கள். டிஸ்கோ தளத்தில் உண்மையிலேயே ஆடிக்கொண்டிருந்த கூட்டம் அப்படித்தான் இருந்தது. ஆறு மாதம்கூட முடியவில்லை, குழுவைக் கலைத்துவிட்டு மறுபடியும் பெண்கள் மட்டும் உள்ள குழுவைக் கொண்டுவந்தார்கள். பட்டியலுக்கு இருந்த நேர்மை இதில் இருக்கவில்லை.

அதே கோடையில்தான் 'த ரியல் திங்' வந்தார்கள். லிவர்பூலின் டாக்ஸ்டத் பகுதியைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள். 'யூ டு மீ ஆர் எவ்ரிதிங்' ஜூன் கடைசியில் முதலிடம் வந்து மூன்று வாரம் இருந்தது. மழையே இல்லாமல் நாடு வறண்டு கிடந்த கோடை அது. நேஷனல் ஃப்ரன்ட் போன்ற இனவெறிக் கூட்டங்கள் தெருவில் ஊர்வலம் போன காலம். ஆகஸ்டில் லண்டனில் கரீபிய மக்களின் நாட்டிங் ஹில் திருவிழாவில் போலீசோடு பெரிய மோதல் நடந்தது. செய்தியில் கறுப்பின இளைஞன் என்றால் பிரச்சினை என்றே காட்டிக்கொண்டிருந்த டிவியில், வியாழக்கிழமை இரவு மட்டும் அதே வயதுப் பையன்கள் பளபளக்கும் உடையில் காதல் பாட்டுப் பாடினார்கள். அவர்களில் எடி அமூ பழைய கை. 60களில் த சான்ட்ஸ் என்ற குழுவில் பாடியவர். லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் அவர்களுக்குப் பின்னால் நின்று வாத்தியம் வாசித்தது பீட்டில்ஸ்! பீட்டில்ஸ் எங்கேயோ போய்விட்டார்கள். சான்ட்ஸுக்கு ஒரு ஹிட்கூட அமையவில்லை. தம்பி கிறிஸ் தொடங்கிய குழுவில் சேர்ந்து, ஏறத்தாழ பதினைந்து வருடம் கழித்து எடி அந்த மேடைக்கு வந்து சேர்ந்தார்.

1977 தொடக்கத்தில் ஹீட்வேவ் என்ற குழுவின் 'பூகி நைட்ஸ்' இரண்டாம் இடம். பாடியது ஜானி வைல்டர் என்ற அமெரிக்கர், எழுதியது ராட் டெம்பர்டன். டெம்பர்டன் கிளீதார்ப்ஸ் என்ற கடற்கரை ஊர்க்காரர். பக்கத்தில் கிரிம்ஸ்பியில் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பின்னால் மைக்கேல் ஜாக்சனுக்காக 'ராக் வித் யூ', 'த்ரில்லர்' எழுதியது அதே கைதான்.

1979இன் முதல் மூன்று மாதத்தைப் பாருங்கள், மாதத்துக்கு ஒரு டிஸ்கோ பாட்டு முதலிடத்தில். ஜனவரியில் வில்லேஜ் பீப்பிள், பிப்ரவரியில் பிளான்டியின் 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்', மார்ச்சில் குளோரியா கேய்னரின் 'ஐ வில் சர்வைவ்'. ஜூலையில் அமெரிக்காவில், டிஸ்கோவை வெறுத்தவர்கள் சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிரிட்டனில் அப்படிக் கொளுத்துகிற வெறுப்பு எழவில்லை. 1980 செப்டம்பரில்கூட ஸ்காட்லாந்தின் கெல்லி மேரி ஒரு டிஸ்கோ பாட்டோடு முதலிடத்தில் நின்றார்.

1976க்கு முந்தைய நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. டேப் விலை அதிகம்; அழித்து அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவுசெய்துவிட்டார்கள். 2011இல் பிபிசி ஃபோர் பழைய நிகழ்ச்சிகளை வாராவாரம் மறுபடியும் காட்டத் தொடங்கியபோது 1976இலிருந்துதான் தொடங்க முடிந்தது.

அந்தப் பதிவுகளில் ஒன்றை நான் சில மாதம் முன்பு இப்படிப் பார்த்தேன். டிவியின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு, அதே பாட்டின் இசைத்தட்டைப் பெரிய ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். பேஸ் அறையை நிறைத்தது. பாடகர்களை விட்டுவிட்டு, சுற்றி நின்ற கூட்டத்தையே பார்த்தேன். பெரிய கேமரா வண்டி நகர்ந்து வர, இடித்துவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி ஆடுகிறார்கள். பாதிப் பேர் மேலே தொங்கும் டிவியில் தங்கள் முகம் தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே தாளத்தை விட்டுவிடுகிறார்கள். ஓரத்தில், கோடு போட்ட ஸ்வெட்டரில் ஒரு பெண். பதினாறு வயது இருக்கும். கேமராவையும் பார்க்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருக்கிறாள். என் அறையில் அடித்துக்கொண்டிருந்த டிரம்முக்குச் சரியாக, ஒவ்வோர் அடிக்கும் அவள் குதிகால் தரையைத் தொட்டது.