குவில்ட் சாமான் நம்ம ஊர்ல எங்க கிடைக்கும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி: துண்டு துண்டாச் சேத்த மேல்துணி, நடுவுல பேட்டிங்குன்னு ஒரு பஞ்சு அடுக்கு, கீழ அடித்துணி, மூணையும் சேத்துத் தைக்கித போர்வைதான் குவில்ட். அந்த மூணு அடுக்கையும் ஒண்ணாவே நகத்துத மிஷின் ஃபுட்டுதான் வாக்கிங் ஃபுட்டு. வந்த கேள்வியில இன்னைக்கு ஒண்ணே ஒண்ணைத்தான் எடுத்துக்கிடுதேன். ரெண்டு வாரமா மனசுல கிடந்து அரிச்சுக்கிட்டே இருக்கு. கருங்கல் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அக்கா, உங்க ஒன்பது சதுர வீடியோ பாத்து குவில்ட் தைக்க ஆசை வந்துச்சு. மார்த்தாண்டத்துலயும் நாகர்கோவில்லயும் தையல் சாமான் கடை எல்லாம் ஏறி இறங்கியாச்சு. பேட்டிங் இல்ல, ரோட்டரி கட்டர் இல்ல, குவில்ட் ஸ்கேல் இல்ல, வாக்கிங் ஃபுட்டுன்னா அவங்களுக்கு என்னன்னே தெரியல. திருவனந்தபுரத்துக்குப் போனா கிடைக்குமா, இல்ல எல்லாத்தையும் ஆன்லைன்லதான் வாங்கணுமா?"

தங்கச்சி, நீங்க போன கடைகள் வேற வேலைக்குள்ள கடைகள். சட்டை, பிளவுஸ், சுடிதார் தைக்கதவங்களுக்கு என்ன வேணுமோ அதை அவங்க வச்சிருக்காங்க. குவில்ட்டுக்கு வேண்டியதும் நம்ம மாவட்டத்துல இருக்கு, ஆனா வேற தொழில்காரங்க கடையில இருக்கு. இதை முன்னாடியும் சொல்லியிருக்கேன், திரும்பவும் சொல்லுதேன்: ஒரு சாமான் கிடைக்கலன்னா, அது செய்யுத வேலையை வேற யாரு தினமும் செய்யுதாங்கன்னு யோசிங்க. அவங்க எங்க வாங்குதாங்களோ அங்க போங்க.

ரோட்டரி கட்டரை எடுத்துக்கிடுவோம். 1979-ல ஜப்பான்ல ஓல்ஃபா கம்பெனி கொண்டுவந்த சாமான் அது. உருளுத வட்டக் கத்தி, அவ்வளவுதான். நம்ம ஊர்ல ஸ்டிக்கர், வினைல், ஃப்ளெக்ஸ் வெட்டுதவங்களும், ஆல்பம் பைண்டிங் பண்ணுதவங்களும் கத்தியும் பாயும் வச்சுத்தான் வேலை செய்யுதாங்க. அவங்க சாமான் எடுக்குத ஸ்டேஷனரி கடையில கேளுங்க. இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைங்களுக்கு டிராஃப்டர், செட் ஸ்கொயர் விக்கித கடையிலயும் வெட்டுப் பாய் வச்சிருப்பாங்க. பாய் ஏ-2 அளவுல வாங்குங்க, 60-க்கு 45 சென்டிமீட்டர். ஏ-4 வாங்கினா மடிச்ச துணி அதுல அடங்காது, ஒவ்வொரு வெட்டுக்கும் நகத்த வேண்டி வரும், நகத்தும்போதே கோணிப்போவும். கட்டர் 45 மில்லிமீட்டர் வட்டம். சின்னது 28. அது வளைவு வெட்டத்தான், முதல்ல வேண்டாம். பிளேடு கூட ரெண்டு சேத்து வாங்கிருங்க, ஏன்னா கட்டர் கிடைக்கித கடையில பிளேடு தனியா கிடைக்காம போவலாம். வெட்டுன கோட்டுல இடைக்கிடை ரெண்டு மூணு இழை அறாம நிண்ணா பிளேடு மழுங்கிட்டுன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் அமுக்கி ஓட்டாதீங்க. அமுக்குனா பாய்தான் பள்ளமாவும். பாயை வெயில்ல வைக்காதீங்க, இஸ்திரிப் பெட்டி பக்கத்துலயும் வேண்டாம். ஒரு தடவை வளைஞ்சா அது நிமிராது.

ஸ்கேல் விஷயத்துல எனக்கு ரொம்பச் சந்தோசம், ஏன்னா இதை நம்ம ஊர்லயே அளவு சொல்லிச் செய்யலாம். நாகர்கோவில்ல பெயர்ப்பலகை, அக்ரிலிக் எழுத்து வெட்டிக் குடுக்குதவங்க கிட்ட லேசர் மிஷின் இருக்கும். 3 மில்லிமீட்டர் கனத்துல கண்ணாடி மாதிரி தெளிவான அக்ரிலிக் தகடு, 6½ அங்குலம் அகலம், 24 அங்குலம் நீளம். கால் அங்குலத்துக்கு ஒரு கோடு, ஒரு அங்குலக் கோடு கொஞ்சம் அழுத்தமா. கோட்டை அடிப்பக்கம் போடச் சொல்லுங்க, எண்ணைத் திருப்பி எழுதச் சொல்லுங்க. இது ரொம்ப முக்கியம். கோடு மேல்பக்கம் இருந்தா, நீங்க சாஞ்சு பாக்கும்போது தகட்டுக் கனத்து அளவுக்குக் கண்ணு ஏமாறும். அடிப்பக்கம் இருந்தா கோடு துணியைத் தொட்டுக்கிட்டே கிடக்கும். கையில வாங்கின உடனே ரெண்டு மூலைவிட்டத்தையும் அளங்க. 24⅞ அங்குலத்துக்குப் பக்கத்துல வரும். எண்ணு எதுவானாலும் ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும். இல்லன்னா மூலை சதுரமில்ல, வாங்காதீங்க. வழுக்காம இருக்க, அடியில நாலு மூலையிலயும் நைஸ் எமரிப் பேப்பர் துண்டு ஒட்டிக்கிடுங்க.

இவ்வளவு கறாரா ஏன் சொல்லுதேன்னா, ஒவ்வொரு சதுரமும் அரை நூல் (ஒரு நூல்னா அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு) பெரிசாப் போனா, 16 சதுரம் சேக்கும்போது எட்டு நூல், முழுசா ஒரு அங்குலம். பக்கத்து வரிசையோட சேராது. "அக்கா, என் குவில்ட் நடுவுல பொங்கி நிக்குது"ன்னு படம் அனுப்புதீங்கல்லா, அதுல பாதிக்கு இதுதான் காரணம். மீதிப் பாதி தையல் விளிம்பு, அதாவது தையலுக்கு வெளிய விடுத கால் அங்குலத் துணி. அதுக்குக் கால் அங்குல ஃபுட்டு தேடி அலைய வேண்டாம். ஊசியில இருந்து வலது பக்கம் சரியா ரெண்டு நூல் அளந்து, பழைய ஏடிஎம் கார்டைக் கீறி, டபுள் சைடு டேப்பு வச்சு மிஷின் தட்டுல ஒட்டுங்க. துணியை நகத்துத பல்லு மேல ஏறாம பாத்துக்கிடுங்க. துணி அந்தக் கார்டு ஓரத்தை உரசிக்கிட்டே போவணும்.

துணிக்கு வருவோம். இதுல நம்ம ஊரு பணக்கார ஊரு. வெளிநாட்டுக் குவில்ட் காட்டன் வேணும்னு கேக்குதாங்க. மேட்சிங் சென்டர்ல ஒரு சுவர் முழுக்க டூ பை டூ ரூபியா பிளவுஸ் துணி நிறம் நிறமா அடுக்கியிருக்கே, அதை விடவா? பச்சையிலயே எத்தனை பச்சை! மாங்காய்ப் பச்சைன்னு கேட்டாலும் நிறம் பாத்து எடுத்துத் தருவாங்க, அப்படி அவங்களுக்கு நிறத்துல கண்ணு. கால் மீட்டர், அரை மீட்டரா வெட்டித் தருவாங்களான்னு முதல்லயே கேட்டுக்கிடுங்க. ரூபியாவுல ரெண்டு சங்கதி கவனிக்கணும். ஒண்ணு, அகலம். வெளிநாட்டுப் பாடங்கள்ல துணி 42 அங்குலம்னு வச்சுக் கணக்கு போட்டிருப்பாங்க. அதுல 2½ அங்குலச் சதுரம் ஒரு பட்டைக்கு 16 வரும். நம்ம துணி 36 அங்குலம்னா 14-தான் வரும். கடையில வச்சே அகலத்தை அளந்துட்டு மீட்டர் சொல்லுங்க. ரெண்டாவது, ரூபியா கொஞ்சம் மெலிசு. வெள்ளைக்குப் பக்கத்துல சிவப்பு வச்சா, தையல் விளிம்பு வெள்ளை வழியா நிழலாத் தெரியும். விளிம்பை எப்பவும் இருண்ட நிறப் பக்கமா மடக்கி இஸ்திரி போடுங்க.

எல்லாத் துணியையும் முதல்ல நனைங்க. சிவப்பு, மெரூன், கருநீலம் மூணையும் தனித்தனியா வெந்நீர்ல அரை மணி நேரம் போட்டு, கூடவே ஒரு வெள்ளைத் துண்டையும் போடுங்க. வெள்ளை நிறம் மாறுனா திரும்ப அலசுங்க. மூணு அலசலுக்கும் நிக்கலன்னா அந்தத் துணியைக் குவில்ட்டுல சேக்காதீங்க. நனைச்ச துணி தொளதொளன்னு ஆவும், அதுக்குக் கஞ்சி. ஸ்ப்ரே ஸ்டார்ச்சுக்கு எங்கயும் போவாண்டாம், மரச்சீனி மாவு போதும். ஒரு மேசைக்கரண்டி மாவைப் பச்சைத் தண்ணியில கட்டியில்லாமக் கரைச்சு, ஒரு லிட்டர் கொதிக்குத தண்ணியில ஊத்திக் கிண்டுங்க. கண்ணாடி மாதிரித் தெளிஞ்ச உடனே இறக்கி, வடிகட்டி, ஆற வச்சு நனைங்க. முக்கால் காய்ச்சல்ல இஸ்திரி. வெட்டும்போது துணி காகிதம் போல நிக்கும். ஆனா கஞ்சி போட்ட துணியை மாசக்கணக்கா அலமாரியில வைக்காதீங்க, பூச்சி அரிக்கும். தைச்சு முடிச்சதும் ஒரு துவைப்பு கண்டிப்பா வேணும்.

அடித்துணிக்கு அகலமான காட்டன் கிடைக்கலன்னு நிறையபேரு சொல்லுதீங்க. எட்டு முழ வேட்டி இருக்குல்லா. 50 அங்குல அகலம், 3.6 மீட்டர் நீளம். நனைச்சு, கரையை வெட்டி எடுத்துட்டு, குறுக்க ரெண்டா வெட்டி, நீளப் பக்கத்தைச் சேத்துத் தைச்சா, 58-க்கு 86 அங்குலக் குவில்ட்டுக்குச் சுத்திலும் கொஞ்சம் மிச்சம் விட்டு அடங்கும். கரையை வெட்டாம விட்டுராதீங்க, அது நெசவு இறுக்கம், துவைக்கும்போது அது மட்டும் சுருங்கி ஓரத்தை இழுக்கும். திருவனந்தபுரம் போறவங்க பாலராமபுரத்துல இறங்குனா கைத்தறி வேட்டி கிடைக்கும். அடித்துணிக்கு அது அருமை, கை ஊசி வெண்ணெய்ல போறாப்புல இறங்கும்.

இப்ப பேட்டிங். சோபா, கார் சீட் தைக்கதவங்க சாமான் வாங்குத கடையில பாலிஃபில் ஷீட்டுன்னும் வாடிங்குன்னும் சொல்லுதது அதே சாமான்தான். ரோல்ல இருந்து மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க. "எத்தனை ஜிஎஸ்எம்"னு கேளுங்க. ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம்ங்கததுதான் அது. கடைக்காரருக்குத் தெரியலன்னா, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டித் தராசுல வச்சாத் தெரிஞ்சிரும். நமக்கு 100 போதும். முன்ன சொன்ன அளவுக் குவில்ட்டுக்குச் சுத்திலும் மிச்சம் விட்டு நாலு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல வேணும், அதாவது அரைக் கிலோ கூட வராது. 200 வாங்கினா ரெட்டிப்பு கனம், சாதா மிஷின் ஃபுட்டுக்கு அடியில நுழையவே கஷ்டப்படும்.

வாங்குததுக்கு முன்ன ஓரத்துல ரெண்டு விரலால கிள்ளி இழுத்துப் பாருங்க. பஞ்சு கொத்தா வந்தா வேண்டாம், துவைக்கும்போது உள்ளயே கட்டி கட்டியாச் சேரும். மேல்புறம் ஒட்டிப் பதப்படுத்தினதா இருக்கணும். இல்லன்னா அந்த இழை தையல் ஓட்டை வழியா வெளிய முளைக்கும். கறுப்புத் துணியில வெள்ளை ரோமம் மாதிரித் தெரியும், பிடுங்கினா இன்னும் வரும். அகலம் பத்தலன்னா ரெண்டு துண்டை ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏத்தாம, ஓரத்தோட ஓரம் முட்ட வச்சு, கையால பெரிய பெரிய குறுக்குத் தையல் போடுங்க. பாலியஸ்டர் உள்ள வச்ச பிறகு சூடான இஸ்திரி கூடாது, உருகி அப்பளம் போல ஆயிரும்.

இலவம்பஞ்சு வைக்கலாமான்னும் கேக்குதீங்க. வேண்டாம். அந்த இழை வழுவழுன்னு மெழுகுபூசினது போல இருக்கும், ஒண்ணோட ஒண்ணு பிடிக்காது. தலையணைக்கு நல்லது, குவில்ட்டுல ஒரே மூலைக்கு ஓடிரும்.

ஆனா தங்கச்சி, நீங்க கேக்காத ஒரு கேள்வி இருக்கு, எனக்கு அதுதான் பெரிசாத் தெரியுது. நம்ம ஊருக்குப் பேட்டிங் தேவையா? ஜூன்லயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை, மத்த நேரம் வெக்கை. கனமான குவில்ட்டை மழைக்காலத்துல துவைச்சா மூணு நாளு காயாது, பூஞ்சை வாடை வந்துரும். வங்காளத்துல காந்தா தைக்கதவங்க பழைய சேலையைத்தான் அடுக்கு அடுக்கா வச்சாங்க. கர்நாடகத்துல சித்தி சமுதாயத்துப் பெண்கள் தைக்கித கவந்தியும் பழைய துணி அடுக்குத்தான். நடுவுல ஒரு பழைய மல் வேட்டியோ, காட்டன் ஃபிளானலோ வச்சுத் தைச்சுப் பாருங்க. ராத்திரி ஃபேனுக்கு அடியில போத்துக்கிட அதுதான் இதம், காலையில துவைச்சா சாயங்காலம் மடிச்சு வைக்கலாம். மெலிசான நடு அடுக்குன்னா வாக்கிங் ஃபுட்டோட தேவையும் பாதி குறைஞ்சிரும்.

கையால தைக்கதவங்களுக்கு நம்ம மாவட்டத்துல குறையே கிடையாது. 1800-களோட தொடக்கத்துல மிஷன் பள்ளிகள் வழியா வந்த லேஸ், எம்பிராய்டரி வேலை இன்னும் இங்க நடக்கு. இப்ப ஆரி வேலையும் சேந்துட்டு. அந்தக் கடைகள்ல ஃப்ரேம், ஊசி, ஆங்கர் நூல் எல்லாம் உண்டு. பேர்ல் காட்டன்னு முறுக்கேறின நூல் உண்டு, அதுல 8-ஆம் நம்பர் எடுத்துக்கிடுங்க, அங்குலத்துக்கு நாலஞ்சு தையல். கோடு போட மார்க்கர் வேண்டாம், தேஞ்ச சோப்புச் சில்லு போதும். மூணு அடுக்கையும் பிடிக்க ஊக்கு குத்துதவங்க, கடக்கரை ஊர்லன்னா ஒரு வாரத்துக்கு மேல விடாதீங்க. உப்புக்காத்துல துரு ஏறுனா அந்தக் கறை போவாது. ஊக்குக்குப் பதிலா நாலு அங்குலத்துக்கு ஒரு வரிசை நூல் ஓட்டம் போட்டா ஆற அமரத் தைக்கலாம்.

பாக்கி வாக்கிங் ஃபுட்டு. இது நம்ம ஊர்ல தேடி அலையாம வரவழைக்கலாம், ஆனா மிஷினைப் பாத்துட்டு வாங்குங்க. ஃபுட்டு மாட்டுத தண்டு குட்டையானதா, ஊசியை இறுக்குத திருகு மேல அதோட கவட்டை உக்காருமான்னு பாக்கணும். கறுப்பு நேர்த்தையல் மிஷின்ல பல்லு ஒடுக்கமா இருக்கும், ஃபுட்டோட பல்லு அதுமேல சரியா விழாம போவலாம். அந்த மிஷின் வச்சிருக்கவங்க வாங்காண்டாம். அதுக்குப் பதிலா மேல ஃபுட்டு அழுத்தத் திருகை ரெண்டு சுத்து தளத்துங்க, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டராக்குங்க, நடுக் கோட்டுல தொடங்கி ஒவ்வொரு கோடா ஓரத்தைப் பாத்துப் போங்க. எல்லாக் கோட்டையும் ஒரே திசையில ஓட்டுங்க, போக வரத் தைச்சா கோட்டுக்கு நடுவுல துணி முறுக்கும். ஊசி 14-ஆம் நம்பர், ஒரு பக்கம் தட்டையா உள்ள எச்ஏ ஒண்ணு வகை. உருண்டைத் தண்டு ஊசி கம்பெனி மிஷினுக்கு உள்ளது, வீட்டு மிஷின்ல ஏறாது.

திருவனந்தபுரம் சாலை பஜாருக்குப் போறது தப்பில்ல, மொத்த விலைக்கு நூலும் பாலிஃபில்லும் நாலு பேரு சேந்து எடுக்குததுன்னா பஸ் செலவு கட்டும். ஒரு கட்டருக்காக மட்டும் போவாதீங்க. நம்ம மாவட்டத்துல வளைகுடாவுல ஆளில்லாத தெருவு இல்லல்லா. லீவுக்கு வாறவங்க கிட்ட பிளேடும் ஊசியும் சொல்லிவிடுங்க, எடை இல்லாத சாமான். பிளேடை மட்டும் கைப்பையில வைக்காம, விமானத்துல ஏத்திவிடுத பெட்டியில வைக்கச் சொல்லணும்.