ரெஸ்ட் ஏரியாவை மூடினா நிஜமாவே காசு மிச்சமாகுதா?

வணக்கம் மக்களே. இன்னைக்குப் பேசப்போறது அமெரிக்க ஹைவேல இருக்கிற ரெஸ்ட் ஏரியா பத்தி, அதாவது வண்டியை நிறுத்தி இளைப்பாற அரசு நடத்துற, டாய்லெட்டும் பார்க்கிங்கும் இருக்கிற இடம். மாநில பட்ஜெட்ல துண்டு விழுந்தா முதல்ல கை வைக்கிற இடங்கள்ல இதுவும் ஒண்ணு. 2009ல வர்ஜீனியா 42 ரெஸ்ட் ஏரியாவுல 19ஐ மூடுச்சு. வருஷத்துக்குச் சுமார் 90 லட்சம் டாலர் மிச்சம்னு கணக்கு சொன்னாங்க. அதே வருஷம் அரிசோனா 18ல 13ஐ மூடுச்சு. வர்ஜீனியால அடுத்த வருஷமே பாப் மெக்டானல் கவர்னரா வந்ததும் திறந்துட்டாங்க.

90 லட்சத்தை 19ஆல வகுத்தா, ஒரு இடத்துக்கு 4,70,000 டாலர் சொச்சம். இதுல பெரிய பங்கு ஆள் கூலி. ராத்திரி பகல்னு பார்க்காம கழுவி, குப்பை அள்ளி, டாய்லெட் பேப்பர் மாத்தணும். கதவைப் பூட்டினா அந்தச் செலவு நிக்கும். ஆனா புல் வெட்டணும், பனி தள்ளணும், தாமிரக் கம்பியை யாரும் உருவிட்டுப் போகாம பார்த்துக்கணும். இதெல்லாம் நிக்காது.

அதிகமா யாரும் பேசாத விஷயம் கழிவுநீர். ஊர் சாக்கடை லைன் எட்டாத இடத்துல ரெஸ்ட் ஏரியாவுக்குன்னே சின்ன சுத்திகரிப்பு பிளான்ட் இருக்கும். வீட்டுக் கழிவுல குளியல், துணி துவைச்ச தண்ணி எல்லாம் கலந்து நீர்த்துப் போயிருக்கும். இங்க வர்றது பெரும்பாலும் சிறுநீர்தான், அதனால அம்மோனியா ரொம்ப அதிகம். அதைத் தின்னு நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா மெதுவா வளர்ற ஜாதி. வரத்து நின்னா பட்டினியில செத்துடும். திரும்பத் திறக்கணும்னா பக்கத்து ஊர் பிளான்ட்ல இருந்து உயிரோட இருக்கிற ஸ்லட்ஜை, அதாவது பாக்டீரியா நிறைஞ்ச சேத்தை, டேங்கர்ல கொண்டுவந்து ஊத்தணும். அப்புறமும் நிலைக்கு வர வாரக்கணக்காகும். நடுவுல காரத்தன்மை இறங்கிடும், சோடியம் பைகார்பனேட் போட்டுக்கிட்டே இருக்கணும். "ரிப்பன் வெட்டியாச்சு, ஆனா டாய்லெட் திறக்கல"னா காரணம் பல நேரம் இதுதான்.

அடுத்தது போர் தண்ணி. மாசக்கணக்கா தேங்கின தண்ணியை அப்படியே குடிக்கக் கொடுக்க முடியாது. ஆறு இன்ச் போர்ல 200 அடிக்குத் தண்ணி நின்னா கிட்டத்தட்ட 1,100 லிட்டர். 100 பிபிஎம் (லிட்டருக்கு 100 மில்லிகிராம்) குளோரின் வேணும்னா 110 கிராம், அதாவது 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடர்ல சுமார் 170 கிராம். பைப்ல இருக்கிற தண்ணிக்குத் தனியா சேர்த்துக்கணும். ஒவ்வொரு குழாயிலயும் குளோரின் வாடை வர்ற வரைக்கும் திறந்துவிட்டு, 12ல இருந்து 24 மணி நேரம் நிறுத்திவச்சு, அப்புறம் வெளியேத்தி, கோலிஃபார்ம்ங்கிற கிருமி இருக்கான்னு டெஸ்ட்டுக்கு அனுப்பணும். வெளியேத்துறப்போதான் பலரும் தப்பு பண்றாங்க. அந்தக் குளோரின் தண்ணியை உள்ள இருக்கிற சிங்க் வழியா விட்டா நேரா பிளான்ட்டுக்குப் போய், காசு கொடுத்துக் கொண்டுவந்த பாக்டீரியாவைக் கொன்னுடும். வெளிக்குழாய்ல ஹோஸ் மாட்டி, குளோரினை முறிச்சு, ஓடையில கலக்காம விடணும்.

மூடுறப்பவே கவனிக்க வேண்டியதும் இருக்கு. குளிர் ஊர்ல பைப் மொத்தத்தையும் வடிச்சு, காத்து அடிச்சு வெளியேத்தணும். தரை டிரெயின், சிங்க், டாய்லெட்டுக்கு அடியில தண்ணி நின்னு சாக்கடை வாயுவைத் தடுக்கிற வளைவுகள்ல, உறையாம இருக்க புரோப்பிலீன் கிளைக்கால் ஊத்தணும். எத்திலீன் கிளைக்கால் விஷம், தொடவே கூடாது. உறையாத ஊர்னா வளைவுல தண்ணி ஊத்தி மேல கொஞ்சம் மினரல் ஆயில் விட்டா சீக்கிரம் வத்தாது. வத்திடுச்சுன்னா சாக்கடை வாயு கட்டடம் முழுக்க ஏறிடும்.

"கடை போட்டு வாடகை வாங்கலாமே"ன்னு கேப்பீங்க. இன்டர்ஸ்டேட், அதாவது மாநிலங்களை இணைக்கிற தேசிய ஹைவே நிலத்துல வியாபாரத்துக்கு ஃபெடரல் சட்டம் பெரும்பாலும் தடை. வெண்டிங் மெஷினுக்கு அனுமதி உண்டு, அதுலயும் பார்வையற்ற வியாபாரிகளுக்குத்தான் முன்னுரிமை. டோல் ரோட்ல பெட்ரோல் பங்க்கும் ஹோட்டலும் இருக்கே, அதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சட்டத்துக்கு முந்தினது.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், லாரி டிரைவர்கள். 14 மணி நேர ஷிஃப்ட்டுக்குள்ள அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். 8 மணி நேரம் ஓட்டினதும் அரை மணி நேரம் நிறுத்தியே ஆகணும். ஓட்டுற நேரத்தைப் பதியற இஎல்டிங்கிற கருவி வண்டியில நிமிஷக் கணக்கு வச்சிருக்கும். நாடு முழுக்க லாரி பார்க்கிங் சுமார் 3,13,000. அதுல 40,000தான் அரசு ரெஸ்ட் ஏரியாவுல. அதையும் பூட்டினா டிரைவர் ரேம்ப் (ஹைவேல ஏற, இறங்க இருக்கிற இணைப்பு ரோடு) ஓரத்துல நிறுத்துவார். ஹைவேல இருந்து வேகம் குறையாம இறங்குற கார், இருட்டுல நிக்கிற டிரெய்லரோட பின்பக்கத்துல மோதுற இடம் அதுதான். 2009ல தென் கரோலினால, சரக்கு இறக்க நேரம் வராததால மூடிக்கிடந்த பெட்ரோல் பங்க்ல நிறுத்தின ஜேசன்ங்கிற டிரைவரைக் கொன்னு கொள்ளையடிச்சாங்க. 2012ல லாரி பார்க்கிங்குக்காகச் சட்டம் வந்தது, அவர் பேர்லயே.

அதனால குறைச்சே ஆகணும்னா, கட்டடத்தைப் பூட்டுங்க, பார்க்கிங்கைப் பூட்டாதீங்க. விளக்கு எரியட்டும், குப்பை வண்டி வரட்டும், போர்ட்டபிள் டாய்லெட் வச்சு ஒழுங்கா கழிவை உறிஞ்சி எடுக்கட்டும். அதுல ஒண்ணாவது சக்கர நாற்காலி போற அகலத்துல இருக்கணும்.

அப்புறம் போர்டு. மூடின இடத்துக்கு முன்னாடி "மூடப்பட்டது"ன்னு ஒட்டினா பத்தாது. முந்தின ரெஸ்ட் ஏரியா வாசல்லயே "அடுத்தது இத்தனை மைல்"ங்கிற எண்ணை மாத்தணும். ஏன்னா "இன்னும் 40 மைல்தானே, அங்க நிறுத்திக்கலாம்"னு டிரைவர் முடிவு எடுக்கிறது அங்கதான்.