காரை எவ்வளவு இறக்கலாம்?

வணக்கம் நேயர்களே.

பெங்களூரில் ஆட்டோகிராஸ் ஓட்ட ஆசைப்படும் பையன்கள் கராஜுக்கு வந்தால் பெரும்பாலும் என்ஜினைப் பற்றிக் கேட்பதில்லை. "அண்ணா, வண்டியை எவ்வளவு இறக்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையாத அளவுக்கு இறங்கிய கார் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகு நேரத்தைக் குறைக்குமா என்பது வேறு கணக்கு.

ஆட்டோகிராஸ் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மைதானத்தில் கோன்களை நட்டுப் பாதை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும், போட்டி கடிகாரத்தோடு. கோனைத் தட்டினால் நேரத்தில் சில விநாடிகளைக் கூட்டிவிடுவார்கள். வேகம் அதிகம் இல்லை, பாதி நேரம் இரண்டாம் கியர்தான். ஆனால் இடம், வலம், மறுபடி இடம் என்று திருப்பம் ஓயாது. அதனால் இங்கே குதிரைசக்தியை விட சஸ்பென்ஷனுக்கே வேலை அதிகம்.

காரை இறக்குவதில் நிச்சயம் லாபம் உண்டு. திருப்பத்தில் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம், திருப்பத்தின் விசை ஆகியவற்றைப் பொறுத்தது. ஓட்டுபவரோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள ஒரு சின்ன கார் என்று வையுங்கள். ஈர்ப்பு மையம் 550 மில்லிமீட்டர் உயரத்தில், சக்கர அகலம் 1450 மில்லிமீட்டர். நல்ல தார்ப் பரப்பில் 0.8 ஜி விசையோடு, அதாவது காரின் எடையில் 80 சதவீத விசையோடு திரும்பினால் சுமார் 303 கிலோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறது. காரை 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம் இறக்கினால்? 290 கிலோ. பதின்மூன்று பதினான்கு கிலோ மிச்சம். லாபம்தான், ஆனால் பையன்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய லாபம் இல்லை.

இனி, அந்தப் பதினான்கு கிலோவுக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்க்கலாம்.

நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. கீழே சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் ஒரு லோயர் ஆர்ம் இருக்கும். கம்பெனியிலிருந்து வரும்போது அதன் உள்முனையை விட சக்கரத்துப் பக்க முனை சற்றுத் தாழ்ந்திருக்கும். காரை இறக்க இறக்க ஆர்ம் மட்டமாகி, அதையும் தாண்டினால் சக்கரத்துப் பக்கம் மேலே ஏறிவிடும். அங்கேதான் வினை தொடங்குகிறது. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதை ரோல் சென்டர் என்பார்கள். ஸ்ட்ரட் உள்ள காரில் அந்தப் புள்ளி, கார் இறங்குவதை விட வேகமாகக் கீழே இறங்கிவிடும். ஈர்ப்பு மையத்துக்கும் அதற்கும் இடையே உள்ள தூரம் கூடும். அந்தத் தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல். ஆக, இறக்கின கார் அதே ஸ்பிரிங்கில் முன்பை விட அதிகமாகச் சாயும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இதுதான் நடக்கிறது. போதாக்குறைக்கு, சாயும்போது வெளிச்சக்கரம் உள்நோக்கிச் சாய்ந்து தரையோடு படிய வேண்டும். ஆர்ம் மட்டத்தைத் தாண்டிவிட்டால் அந்தச் சாய்வு, அதாவது கேம்பர், கிடைக்காது, டயர் வெளி ஓரத்திலேயே உருளும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் கெட்டுப்போய், மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பப் பார்க்கும்.

அடுத்தது பயணம், அதாவது சக்கரம் மேலே போக மிச்சமிருக்கும் இடம். பம்ப் ஸ்டாப்பை, அதாவது கடைசியில் இடி தாங்கும் ரப்பர் கட்டையைத் தொடும் வரை 75 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 25 இறக்கினால் மிச்சம் 50. அதே பள்ளத்தின் அடியை இந்த 50-க்குள் வாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு கெட்டியாக இருக்க வேண்டும். ஷாக் அப்சார்பரும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். பழைய ஸ்பிரிங்கையே வைத்திருந்தால் திருப்பத்தின் நடுவில் பம்ப் ஸ்டாப் இடிக்கும். இடித்த நொடியில் அந்த மூலை கல்லாகிவிடும், பிடிப்பு போய்விடும். ஓட்டுபவர் டயரைத் திட்டுவார். டயர் பாவம்.

சரி, எந்த உயரம்தான் சரி? என் கருத்து இது: உயரத்தை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. லோயர் ஆர்மும் பம்ப் ஸ்டாப்பும் தேர்ந்தெடுக்கட்டும். தார்ப் பரப்பில் ஓட்டுவதானால், ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில் ஆர்மின் வெளிமுனை இன்னும் ஒரு நூல் தாழ்ந்திருக்கும் வரைதான் இறக்கம். பல கார்களில் அது 20 முதல் 30 மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். அதற்கும் கீழே போக வேண்டுமானால் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பந்து மூட்டான பால் ஜாயின்ட்டை நீளமானதாகப் போட்டு ஆர்மின் கோணத்தை மீட்க வேண்டும். அது காசுள்ளவர்கள் கதை.

பயணம் போதுமா என்று பார்க்க ஒரு மலிவான வழி இருக்கிறது. ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அடிவரை தள்ளிவிட்டு ஓட்டுங்கள். ஓடி முடித்ததும் அது எங்கே ஏறி நிற்கிறது என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப் வரை போயிருந்தால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், அல்லது காரை ஏற்றுங்கள். அளக்கும்போது தரையிலிருந்து அளக்காதீர்கள். டயரில் காற்று குறைந்தாலே அளவு மாறும். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். மட்டமான தரையில், சீட்டில் ஆள் உட்கார்ந்து, காரை நாலு தடவை அமுக்கி விட்ட பிறகு.

இவ்வளவும் தாருக்கு. ஆனால் நம் பக்கத்து ஆட்டோகிராஸ் பலவும் ஊருக்கு வெளியே செம்மண் மைதானத்தில் நடக்கின்றன. மண்ணில் பிடிப்பு 0.5 ஜி என்று வைத்தால், அதே ஓர் அங்குல இறக்கத்தில் மிச்சமாவது ஒன்பது கிலோ கூட இல்லை. லாபம் சுருங்குகிறது, செலவு பெருகுகிறது. காலையில் பாதை சமமாக இருக்கும். மதியத்துக்குள் நாற்பது கார்கள் ஓடி ஒவ்வொரு திருப்பத்திலும் குழி தோண்டியிருக்கும். கடைசியில் ஓடுபவனுக்குக் கிடைப்பது உழுத வயல். அதில் இறக்கின கார் என்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியை, அதாவது சம்பை, உரசிக்கொண்டுதான் போகும். மண்ணுக்கு நான் கம்பெனி உயரம் அல்லது 10, 15 மில்லிமீட்டர் கூடுதல் என்றுதான் சொல்வேன். அதைக் காக்க அடியில் ஒரு சம்ப் கார்டும் வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டின் கோணம் அதிகமாகும், அதுவும் வேண்டாம்.

ஜே.சி. ரோட்டுக்குப் போய் இறக்கும் ஸ்பிரிங் வாங்கக் காசில்லாமல், இருக்கும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டுகிறவர்களும் உண்டு. வெட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்பது உண்மை. ஆனால் திருப்பத்தில் உள்சக்கரம் தொங்கும்போது நீளம் குறைந்த ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டை விட்டு நகரும். கேஸ் நெருப்பு வைத்து வெட்டினால் அதன் பதமும் போய்விடும். தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம், இதே காரில்தான் திங்கட்கிழமை வேலைக்குப் போகப் போகிறீர்களா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. இன்னொரு தடை நம் ஊர் ஹம்ப், அதாவது வேகத்தடை மேடு. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் ஹம்ப் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம். அப்படிக் கட்டினால் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.4 மீட்டர் உள்ள காரின் வயிற்றுக்கு நாலு சென்டிமீட்டர் சொச்சம் இடைவெளி போதும், இறக்கின காரே தாராளமாகத் தாண்டும். அல்சூர் சந்துகளில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் ஹம்ப்புகளுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

உயரத்தை எந்தப் பக்கம் மாற்றினாலும் டோவும், அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவும், கேம்பரும் மாறிவிடும். அலைன்மென்ட் பார்க்காமல் மைதானத்துக்குப் போகாதீர்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் உயரத்தைத் தொடாமல் நல்ல டயர் வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.