கென் நதியில் உபரி நீர் இருக்கிறதா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒரு விவசாயி அனுப்பியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "மத்தியப் பிரதேசத்தில் கென்–பெத்வா நதி இணைப்புக்கு அடிக்கல் நாட்டிவிட்டார்கள். வறண்ட பூமிக்குத் தண்ணீர் போகப்போகிறது. புலிக்காகவும் மரத்துக்காகவும் அதைத் தடுக்கச் சொல்வது நியாயமா? நாளைக்குக் கோதாவரி–காவிரி இணைப்பு வந்தாலும் இப்படித்தான் பேசுவீர்களா?" என்று கேட்டிருக்கிறார். கோபம் தெரிகிறது. கடைமடையில் உட்கார்ந்து மேட்டூர் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கோபம் வரத்தான் செய்யும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திட்டம் என்னவென்று தெரியாதவர்களுக்காக: கென், பெத்வா இரண்டுமே யமுனையின் துணை நதிகள். பன்னா புலிகள் காப்பகத்துக்குள் தௌதன் என்ற இடத்தில் கென் நதிக்குக் குறுக்கே 77 மீட்டர் உயர அணை கட்டி, 221 கிலோமீட்டர் கால்வாய் வழியாகப் பெத்வாவுக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். 2021 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது மதிப்பீடு 44,605 கோடி ரூபாய். 2024 டிசம்பர் 25 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 10.62 லட்சம் ஹெக்டேருக்குப் பாசனம், 62 லட்சம் பேருக்குக் குடிநீர், 103 மெகாவாட் நீர்மின்சாரம் என்று அரசு சொல்கிறது. மத்தியப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசத்திலுமாகப் பரவிக் கிடக்கும் பந்தேல்கண்ட் என்ற வறட்சிப் பகுதிக்குத்தான் இந்தத் தண்ணீர். அங்கே குடிநீருக்காகப் பெண்கள் எத்தனை தூரம் நடக்கிறார்கள், எத்தனை குடும்பங்கள் ஊரைப் பூட்டிவிட்டு டெல்லிக்கும் குஜராத்துக்கும் கூலி வேலைக்குப் போகின்றன என்பதை அறிந்தவர் யாரும் அவர்களுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

என் கேள்வி ஒன்றுதான். கென் நதியில் கொடுக்கும் அளவுக்கு மிச்சத் தண்ணீர் இருக்கிறதா?

நதி இணைப்பு என்ற யோசனையே, உபரி உள்ள ஆற்றிலிருந்து பற்றாக்குறை உள்ள ஆற்றுக்கு என்ற கணக்கில்தான் நிற்கிறது. இங்கே அந்தக் கணக்கைச் சரிபார்க்க முடியவில்லை. கங்கைப் படுகை வங்கதேசத்துக்கும் போகிறது என்பதால், அந்தப் படுகையின் நீரோட்டத் தரவுகள் ரகசியப் பட்டியலில் இருக்கின்றன. கென் நதியில் மாதவாரியாக எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று நீங்களோ நானோ ஒரு பல்கலைக்கழக ஆய்வாளரோ தனி அனுமதி இல்லாமல் எடுத்துப் பார்க்க வழியில்லை. நாற்பத்து நாலாயிரம் கோடிக்கு மேல் செலவாகும் ஒரு திட்டத்தின் அஸ்திவாரமான எண்ணே மக்கள் முன்னால் இல்லை. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்புறம், வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். இரண்டும் அடுத்தடுத்த படுகைகள். ஒரே பருவமழையை நம்பி இருப்பவை. கென்னில் வெள்ளம் வரும் ஆண்டில் பெரும்பாலும் பெத்வாவிலும் வெள்ளம் வரும். பெத்வா காயும்போது கென்னும் காயும். இதில் எந்த ஆண்டு எதற்கு எது கைகொடுக்கும்? கென் நதியின் கீழ்ப்பகுதியில் இருக்கும் பாந்தா மாவட்டமும் பந்தேல்கண்டுதான், கோடையில் நாட்டிலேயே அதிகம் கொதிக்கும் ஊர்களில் ஒன்று. அவர்களுடைய ஆற்றுக்கு மேலேதான் இந்த அணை வருகிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் பெத்வாவின் மேல்பகுதியில் புதிய அணைகளும் தடுப்பணைகளும் வருகின்றன. மேலே இருப்பவர்கள் பெத்வா தண்ணீரை அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். கீழே குறையும் தண்ணீரைக் கென்னிலிருந்து வரும் தண்ணீர் ஈடுகட்டும். மேல் பெத்வாவில் இருக்கும் ராய்சேன், விதிஷா மாவட்டங்கள் பந்தேல்கண்டில் சேராதவை, அதைவிட நல்ல மழை பெறுபவை. பந்தேல்கண்டின் தாகத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கிய திட்டத்தில் இந்தப் பகுதி ஏன் இருக்கிறது என்று அங்குள்ளவர்களே கேட்கிறார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். 44,605 கோடியை 10.62 லட்சம் ஹெக்டேரால் வகுத்துப் பாருங்கள். ஹெக்டேருக்கு 4.2 லட்சம், ஏக்கருக்கு 1.7 லட்சம் ரூபாய் வருகிறது. குடிநீரும் மின்சாரமும் இதில் சேர்த்திதான், ஆனாலும் பெரிய தொகை. இந்தப் பணத்துக்கு வேறு என்ன செய்திருக்கலாம் என்று முதலில் பார்த்தார்களா? காடு, சுற்றுச்சூழல் விஷயங்களில் ஆலோசனை சொல்ல உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழு 2019இல் கொடுத்த அறிக்கையில் இதைத்தான் கேட்டது. கென் படுகையின் மேல்பகுதியில் சிறிய பாசன வழிகளை முதலில் ஆராய வேண்டும் என்றது, திட்டத்தின் பொருளாதாரப் பலனையும் சந்தேகித்தது. அதன் பிறகும் 2023 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இறுதி வன அனுமதி கிடைத்துவிட்டது.

பந்தேல்கண்டில் மழையே இல்லை என்று நினைக்காதீர்கள். ஆண்டுக்குச் சுமார் 800 முதல் 1,000 மில்லிமீட்டர் பெய்கிறது, நம் மாநிலச் சராசரியும் அந்த வரம்புக்குள்தான். அடியில் கருங்கல் பாறை. பெய்த மழை இறங்காமல் ஓடிவிடும். இதைப் புரிந்துகொண்டுதான் ஆயிரம் ஆண்டுக்கு முன்பு சந்தேல அரசர்கள் அந்தப் பகுதி முழுக்க ஏரி வெட்டினார்கள். மஹோபாவில் மதன் சாகர், கீரத் சாகர் எல்லாம் இன்றும் இருக்கின்றன. ஒரு ஏரி நிரம்பி வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் சங்கிலி முறை. நம் ஊர் ஏரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அங்கேயும் நம்மைப் போலவே பல ஏரிகள் தூர்ந்து, வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்பில் போய்விட்டது. இவற்றை மீட்ட பிறகும் தண்ணீர் போதவில்லை என்றால் அணையைப் பற்றிப் பேசலாம். அந்த வரிசை தலைகீழாகிவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

புலி விஷயத்தைக் கேட்டீர்கள். 2009இல் பன்னாவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை, வேட்டையில் எல்லாம் போய்விட்டன. பாந்தவ்கர், கான்ஹா, பெஞ்ச் காடுகளிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பெஞ்சிலிருந்து வந்த ஆண் புலி பழைய காட்டைத் தேடித் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டது. வனத்துறையினர் வாரக்கணக்கில் பின்தொடர்ந்து பிடித்துவந்தார்கள். 2010இல் குட்டிகள் பிறந்தன. இன்று அந்தப் பகுதியில் ஐம்பதுக்கும் மேல். இவ்வளவு பாடுபட்டு மீட்ட காட்டிலும் அதை ஒட்டியும் 6,017 ஹெக்டேர் வனநிலம் இந்தத் திட்டத்துக்குப் போகிறது. லட்சக்கணக்கில் மரங்கள் போகின்றன. கீழே கரியால் முதலைகளுக்கான சரணாலயம் வேறு இருக்கிறது. ஈடாகச் சுற்றுவட்டாரக் காடுகளைச் சேர்த்துப் பாதுகாப்போம் என்கிறார்கள். செய்யட்டும். ஆனால் ஆற்றங்கரைப் பள்ளத்தாக்குக் காட்டை வேறு இடத்தில் உருவாக்கிவிட முடியாது.

மரம் போனால் புலிக்கு மட்டும் நஷ்டம் என்றும் நினைக்க வேண்டாம். அங்கே ஏழாயிரத்தை ஒட்டிய குடும்பங்கள் வெளியேற வேண்டியிருக்கிறது. பலர் கோண்டு போன்ற ஆதிவாசிகள். இலுப்பைப்பூவும் பீடி சுற்றும் தெண்டு இலையும் பொறுக்கி விற்றுத்தான் அவர்கள் வீட்டில் பணப்புழக்கம். பட்டா நிலத்துக்குப் பணம் கொடுப்பார்கள், காட்டுக்கு யார் கொடுப்பது? இழப்பீட்டுப் பட்டியலில் அந்த வருமானம் வருவதே இல்லை.

கோதாவரி–காவிரிக்கு வருகிறேன். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதுவும் உபரிக் கணக்கில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. சத்தீஸ்கர் தன் பங்கில் இன்னும் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் இந்திராவதி நீரை நம்பித்தான் அந்தத் திட்ட வரைவு இருக்கிறது, அந்த மாநிலம் சம்மதிக்கவில்லை. நாகார்ஜுனசாகர், சோமசிலா வழியாகக் கல்லணைக்கு வர வேண்டிய கால்வாயில் நாம்தான் கடைசி ஆள். மேலே ஒரு மாநிலம் 'இந்த வருடம் உபரி இல்லை' என்று சொன்னால் காவிரியில் நாம் படும் பாட்டை அங்கேயும் படுவோம். ஆகவே நதியில் ஓடும் தண்ணீரின் கணக்கை வெளிப்படையாக வைக்கச் சொல்வதில் நம்மைவிட அதிக அக்கறை யாருக்கு இருக்க வேண்டும்?

மழையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2023இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் ஆய்விதழில் இந்திய விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நதிகளை இணைத்துப் பெரிய அளவில் பாசனம் செய்தால் நிலத்துக்கும் காற்றுக்கும் இடையிலான ஈரப்பத ஓட்டம் மாறி, ஏற்கெனவே வறண்ட சில பகுதிகளில் செப்டம்பர் மழை 12 சதவீதம் வரை குறையலாம் என்பது அவர்கள் கணிப்பு. கணினி மாதிரியை வைத்துச் சொன்னதுதான், நடந்தே தீரும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் இப்படி ஒரு எச்சரிக்கை வந்த பிறகு, மற்ற இணைப்புகளைத் தொடங்குவதற்கு முன் அதை ஆராய்ந்துவிட வேண்டும். அடுத்த கேள்விக்குப் போகலாம்.